பள்ளிக்கூடமும் கைமுக்குப் பரீட்சையும்

(சுசீந்திரத்தில் பெற்றோர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியது)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பார்வைக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது, சுசீந்திரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொதுப் பள்ளிக்கூடங்களில் எது மேல், எது கீழ் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அந்த விஷயம். நான் இதைச் சிறியதென்று நினைக்கவில்லை. சித்திரை, வைகாசி வந்துவிட்டால் இந்த ஊரில் தேநீர்க்கடை முதல் கல்யாணப் பந்தல் வரையில் இதே பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் எத்தனை பங்கு விசாரணை, எத்தனை பங்கு வெறும் நம்பிக்கை என்று யாராவது பிரித்துப் பார்த்ததுண்டா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்ன பள்ளிக்கூடம் ஒசத்தி, இன்ன பள்ளிக்கூடம் மட்டம் என்று ஜாபிதா வாசிப்பதற்கு நான் வரவில்லை. அப்படி யாராவது வந்து வாசித்தாலும் நீங்கள் நம்பக்கூடாது. நாம் எந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடங்களை அளக்கிறோமோ, அந்த அளவுகோல் யோக்கியமானதா என்பதைப்பற்றித்தான் பேசப்போகிறேன். நான் சொல்லுவதையும் அப்படியே ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோலைப்பற்றிப் பேசுவதற்குச் சுசீந்திரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இந்த ஊரில் ஒரு காலத்தில் கைமுக்கு என்று ஒரு பரீட்சை நடந்துவந்தது உங்களுக்குத் தெரியும். ஒழுக்கத் தப்பிதம் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கோவிலுக்குக் கொண்டுவந்து, கொதிக்கிற நெய்யில் கையை முக்கச் சொல்லுவார்கள். கை வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. இந்திரனே இப்படித்தான் இங்கே சுத்தமானான் என்று ஸ்தல புராணம் வேறு. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இது நிறுத்தப்பட்டது.

தோழர்களே! இந்தப் பரீட்சையில் கொடுமை ஒரு பக்கம் இருக்கட்டும். அதிலுள்ள முட்டாள்தனத்தை மாத்திரம் பாருங்கள். தெரியவேண்டியது அவன் தப்பு செய்தானா இல்லையா என்பது. பரீட்சை செய்யப்பட்டதோ அவன் தோல். நெய்க்கு அவன் நடத்தையைப்பற்றி என்ன தெரியும்? ஒன்றைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டு வேறொன்றை அளந்துவிட்டு, அந்த அளவையே தீர்ப்பாக எழுதினார்கள். அதைக் கேட்டு இன்று நாம் சிரிக்கிறோம். ஆனால் நம்முடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களை நாம் அளக்கிற அளவும் கைமுக்குப் பரீட்சையாகவே இருந்தால், நாம் சிரிப்பதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நம் ஜனங்கள் பள்ளிக்கூடங்களை அளப்பது மூன்று விதமாக. ஒன்று, வாசலில் கட்டியிருக்கும் பெரிய படத்தட்டியைப் பார்ப்பது. இரண்டு, மார்க்கைப் பார்ப்பது. மூன்று, வாயால் சொல்லாமல் மனத்துக்குள் பார்ப்பது. அந்த மூன்றாவதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

படத்தட்டியில் என்ன இருக்கிறது? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் முதலாவதாக வந்த நாலைந்து பிள்ளைகளின் படம். நேர்த்திக்கடன் தத்துவமும் இதுதான். சாமிக்கு வேண்டிக்கொண்டு வியாதியிலிருந்து பிழைத்தவன் வந்து மணி கட்டுகிறான், பார்க்கிறவன் "சாமிக்கு எவ்வளவு சக்தி!" என்கிறான். வேண்டிக்கொண்டும் செத்துப்போனவன் வந்து சாட்சி சொல்லுவானா? அதுபோலத்தான் படத்தட்டியும். படம் வந்த நாலு பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும். பின்வரிசையிலிருந்து ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனவனுக்கு யார் படம் போடுவார்கள்? அவனையும் சேர்த்துக் கணக்கெடுத்தால்தானே அது கணக்கு!

அடுத்தது மார்க்கு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் தேடுவது ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்கான பள்ளிக்கூடம். இந்த மூன்று வகுப்புகளுக்கும் நம் ராஜ்யத்தில் பொதுப் பரீட்சையே இல்லை. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுப் பரீட்சை வைப்பதாக 2019-இல் உத்தரவு போட்டார்கள். ஜனங்களின் எதிர்ப்பினால் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பொதுவான பரீட்சையே இல்லாதபோது, "அங்கே ஏழாம் வகுப்பில் எல்லாரும் தொண்ணூறு மார்க்கு" என்பதற்கு அர்த்தம் என்ன? அவரவர் பள்ளிக்கூடத்தில் அவரவர் திருத்தி அவரவர் போட்டுக்கொள்ளும் மார்க்கு அது. இரண்டு கடைகளில் இரண்டு படிக்கல்லை வைத்து நிறுத்துவிட்டு, எந்தக் கடை அரிசி கனம் என்று சண்டை போடலாமா?

சரி, பத்தாம் வகுப்பு மார்க்கு பொதுவானதுதானே, அதை வைத்து ஒப்பிடலாமே என்பீர்கள். அதற்கும் நஞ்சை வைத்திருக்கிற நாஞ்சில் நாட்டுக்காரனே பதில் சொல்லிவிடுவான். ஒரே அளவுள்ள இரண்டு வயல்கள். ஒன்று குளத்து மடையை ஒட்டிய தலைமடை வயல். மற்றொன்று தண்ணீர் எட்டிப் பார்க்கிற கடைமடை வயல். கன்னிப்பூவில் முதல் வயல் இருபது கோட்டையும் இரண்டாவது வயல் பதினைந்து கோட்டையும் விளைந்தால், முதல் வயல்காரன்தான் கெட்டிக்கார விவசாயி என்று யாராவது சொல்லுவார்களா? "கடைமடையில் பதினைந்து கோட்டை எடுத்தவனல்லவா விவசாயி!" என்றுதான் சொல்லுவார்கள். வயலுக்குத் தெரிகிற இந்த நியாயம் பள்ளிக்கூடத்துக்கு வரும்போது மாத்திரம் நமக்கு மறந்துபோவானேன்?

ஒரு பேச்சுக்குச் சொல்லுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேரும்போதே பிள்ளைகளுக்கு நூற்றுக்கு எழுபது தெரியும். தகப்பனார் உத்தியோகஸ்தர், தாயார் பட்டதாரி, மாலையில் தனி வாத்தியார். எட்டாம் வகுப்பு முடிக்கும்போது அவர்களுக்கு எழுபத்தைந்து தெரிகிறது. இன்னொரு பள்ளிக்கூடத்தில் சேரும்போது முப்பது, முடிக்கும்போது ஐம்பத்தைந்து. படத்தட்டியில் எழுபத்தைந்துதான் ஏறும். ஆனால் முதல் பள்ளிக்கூடம் கூட்டிக் கொடுத்தது ஐந்து. இரண்டாவது கூட்டிக் கொடுத்தது இருபத்தைந்து. உபாத்தியாயரின் வேலை எங்கே அதிகமாக நடந்தது? நாம் மார்க்கைப் பார்த்து அளந்ததெல்லாம் உள்ளே சேர்ந்தவர்கள் யார் என்பதையேயன்றி, உள்ளே என்ன நடந்தது என்பதையல்ல. நெய்யில் கையை முக்கித் தோலை அளந்த கதைதான் இதுவும்.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. அமெரிக்க தேசத்தில் 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் என்கிற சமூக ஆராய்ச்சிக்காரரும் அவரோடு சேர்ந்தவர்களும், சுமார் 4,000 பள்ளிக்கூடங்களில் 6 இலட்சம் பிள்ளைகளுக்குமேல் விசாரணை செய்து சர்க்காருக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குள் காணப்படும் வித்தியாசத்துக்குக் கட்டடமும் தளவாடமும் காரணமாவதைவிட, பிள்ளையின் குடும்ப நிலைமையே பெரிய காரணமென்று அதில் கண்டார்கள். அதற்கு அடுத்தபடியாக, கூட உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்பதும் முக்கியம், அதிலும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது மிகவும் முக்கியம் என்றார்கள். இந்த இரண்டாவது சங்கதியை ஞாபகத்தில் வையுங்கள். அதில்தான் நம் மூன்றாவது அளவுகோல் அகப்பட்டுக்கொள்ளுகிறது.

அந்த மூன்றாவது அளவுகோல் என்னவென்றால், "அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள்?" என்பது. ஒருவரும் ஜாதி என்று வாயைத் திறந்து சொல்லுவதில்லை. "சகவாசம் சரியில்லை" என்பார்கள். "அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஜாஸ்தி" என்பார்கள். "நம்ம பிள்ளை கெட்டுப்போகும்" என்பார்கள். சகவாசம் என்றால் என்ன, எந்தப் பக்கம், எப்படிக் கெடும் என்று கேட்டுப் பாருங்கள்; பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தோழர்களே! இந்த ஊர் வீதிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நாயும் மாடும் நடக்கலாம், தாழ்த்தப்பட்டவன் என்று சொல்லப்பட்ட மனிதன் நடக்கக்கூடாது என்று இருந்தது. 1926-இல் டாக்டர் எம்.இ. நாயுடு முதலியவர்கள் இங்கே சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1936 நவம்பர் 12-ஆம் தேதி கோவில் பிரவேசப் பிரகடனம் வந்தது. வீதி திறந்தது, கோவிலும் திறந்தது. ஆனால் வீதியில் ஒன்றாக நடக்கலாம், பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் ஒன்றாக உட்காரவேண்டாம் என்று இன்று நாம் நினைப்போமானால், அடைத்த கதவைத் தெருவிலிருந்து பெயர்த்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் மாட்டிவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

பள்ளிக்கூடத்துக்கும் இந்தச் சரித்திரம் உண்டு. ஜனங்களுக்குப் படிப்பு கொடுக்கும் செலவு சர்க்காரைச் சேர்ந்தது என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-லேயே திருவிதாங்கூரில் உத்தரவு போட்டார். ஆனால் அந்த ஜனங்கள் யார் என்பதில்தான் சூட்சுமம். பல வருஷங்கள் கழித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அய்யன்காளி பஞ்சமி என்கிற புலையர் வீட்டுப் பெண்குழந்தையைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்தக் குழந்தை பெஞ்சில் உட்கார்ந்த குற்றத்துக்காகப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளிகள் வேலை நிறுத்தமும் செய்தார்கள். இன்று அதே சர்க்கார் பள்ளிக்கூடம் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

அன்று, தாழ்ந்தவன் பிள்ளை வந்துவிட்டதென்று பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள். இன்று கொளுத்தவில்லை, தங்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக ஓடிவிட்டால், மிஞ்சுகிற பள்ளிக்கூடத்துக்கு ஓட்டை ஓட்டைப்பற்றிக் கேட்க ஆள் இல்லை. காலியான உபாத்தியாயர் இடத்துக்கு மனுப்போட ஆள் இல்லை. பிறகு, "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே, அது மட்டமான பள்ளிக்கூடம்!" என்கிறார்கள். மட்டமாக்கினவனே அது மட்டமென்று சாட்சியும் சொல்லுகிறான்.

இது வெறும் மனவருத்தத்தோடு போகிற சங்கதியுமல்ல. 2023 ஆகஸ்டில் அடுத்த ஜில்லாவான திருநெல்வேலியில், நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டியவர்கள் கூடப்படித்த மாணவர்களே. அதன்பிறகு சர்க்கார் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் ஜாதியைக் காட்டும் கயிறு கட்டக்கூடாது, பள்ளிக்கூடப் பெயர்களில் ஜாதிப் பெயர் இருக்கக்கூடாது என்றெல்லாம் யோசனை சொன்னார். பிள்ளை கையில் கயிறு எங்கிருந்து வந்தது? பாடப் புஸ்தகத்திலிருந்தா வந்தது? "சகவாசம் சரியில்லை" என்று வீட்டுத் திண்ணையில் நாம் பேசுகிற பேச்சுத்தான் பிள்ளை கையில் கயிறாகிறது. 2011 ஜனக்கணக்கில் எழுத்தறிவு நூற்றுக்கு 91.75, தமிழ்நாட்டிலேயே நம் கன்னியாகுமரி ஜில்லாதான் முதல் என்று பெருமை பேசுகிறோம். எழுத்து வந்தது, சந்தோஷம். அறிவு வந்ததா என்பதற்கு இந்தப் பேச்சுத்தான் பரீட்சை.

"பின்னே எதைத்தான் பார்ப்பது?" என்று கேட்பீர்கள். பார்க்கவேண்டியவை இருக்கின்றன. 2009-இல் செய்து 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாய இலவசக் கல்விச் சட்டமே பெரிய அளவுகோலைக் கொடுத்திருக்கிறது.

முதலாவது, உபாத்தியாயர். ஆறு முதல் எட்டு வரையில் 35 பிள்ளைகளுக்கு ஒருவராவது இருக்கவேண்டும். வகுப்புக்கு ஒருவராவது இருக்கவேண்டும். அவர்களில் விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் ஒருவர், சமூகப் பாடத்துக்கு ஒருவர், பாஷைக்கு ஒருவர் இருக்கவேண்டும். இதில் சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 60 பிள்ளைகளுக்கு மூன்று உபாத்தியாயர் என்றால் ஆளுக்கு 20 பிள்ளைகள்தான். காகிதத்தில் வெகு அழகு. ஆனால் மூவரில் கணக்கு படித்தவர் ஒருவரும் இல்லையென்றால் அந்த அழகால் என்ன பிரயோஜனம்? ஆகவே எத்தனை பேர் என்று கேட்பதோடு, எந்தப் பாடத்துக்கு யார் என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, நாள். இந்த வகுப்புகளுக்கு வருஷத்தில் 220 நாள், 1,000 மணி நேரம் பாடம் நடக்கவேண்டுமென்பது சட்டம். உங்கள் பிள்ளைக்கு எத்தனை நாள் நடந்தது என்பதைப் பிள்ளையின் நோட்டுப் புஸ்தகமே சொல்லிவிடும். அதைத் தேதி பார்த்துப் புரட்டுங்கள். உபாத்தியாயர் திருத்தியிருக்கிறாரா என்றும் பாருங்கள். நூறு படத்தட்டியைவிட ஒரு நோட்டுப் புஸ்தகம் யோக்கியமான சாட்சி.

மூன்றாவது, தண்ணீரும் கக்கூசும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக இருக்கவேண்டும் என்பதும் அதே சட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள்தான் பெண்குழந்தை பெரியவளாகிறாள். கதவில்லாத, தண்ணீரில்லாத கக்கூஸ் உள்ள பள்ளிக்கூடத்தில் அவள் மாதத்தில் சில நாள் வராமல் நிற்பாள். பிறகு பாடம் புரியாது. பிறகு, "பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று நிறுத்திவிடுவீர்கள். படிப்பு ஏறாததற்குக் காரணம் அவள் தலையிலா இருக்கிறது? தாய்மார்களே! பள்ளிக்கூடத்துக்குப் போனால் முதலில் கக்கூசைப் பாருங்கள். பிறகு பெஞ்சைப் பாருங்கள்.

நாலாவது, பின்வரிசை. எட்டாம் வகுப்புக்குள் போய்க் கடைசிப் பெஞ்சிலிருக்கும் பிள்ளையைப் பாடப் புஸ்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு வகுத்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். முதல் பெஞ்சுப் பிள்ளை எங்கே போட்டாலும் படித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தின் லட்சணம் கடைசிப் பெஞ்சில்தான் தெரியும். அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, அதே பிள்ளைகள்தான் எப்போதும் பின்னால் உட்காருகிறார்களா, அவர்கள்தான் பெருக்குகிறார்களா என்பதையும் கவனியுங்கள். பிள்ளையை அடிப்பதையும் அவமானப்படுத்துவதையும் இந்தச் சட்டம் தடுக்கிறது.

ஐந்தாவது, நிர்வாகக் குழு. சர்க்கார் பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்களாகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும். அந்தக் குழு கூடுகிறதா, கையெழுத்துக்கு மாத்திரம் நோட்டுப் புஸ்தகம் வீட்டுக்கு வருகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் யு-டைஸ் என்று 11 இலக்க எண் ஒன்று உண்டு. அதை வைத்து அப்பள்ளிக்கூடத்தின் உபாத்தியாயர் கணக்கு, பிள்ளைகள் கணக்கு முதலியவற்றை யாரும் பார்க்கலாம். கைப்பேசி வைத்திருக்கிற உங்கள் பிள்ளையே பார்த்துச் சொல்லிவிடும். அதில் எழுதியிருப்பதும் நேரில் இருப்பதும் ஒன்றுதானா என்பதை நீங்கள் போய்ப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோம் என்பது பின்னால் பல காரியங்களைத் தொட்டுக்கொண்டு வருகிறது. 2020-இல் வந்த சட்டப்படி வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடம், ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. இதற்காகவே பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சலுகை இருந்தாலும் கணக்கு வாத்தியார் இல்லாவிட்டால் பிள்ளை கல்லூரி வாசலுக்கே போகாது. ஆனால் தெரியாமல் ஓடிவிட்டுப் பிறகு கையைப் பிசையவேண்டாமென்று சொல்லுகிறேன்.

சர்க்கார் பள்ளிக்கூடத்தில் குறையே இல்லையென்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லவேண்டாம். குறை இருக்கிறது, சில இடங்களில் நிறையவே இருக்கிறது. தன் பிள்ளையை வேறிடத்தில் சேர்த்த பெற்றோரையெல்லாம் ஜாதி வெறியர்கள் என்றும் நான் சொல்லவில்லை. பிள்ளை நன்றாயிருக்கவேண்டும் என்கிற ஆசையில் கடன் வாங்கிச் சம்பளம் கட்டுகிற ஏழையை நான் எப்படிக் கண்டிக்க முடியும்? ஆனால் கடன் வாங்கிக் கட்டுகிற பணம் படிப்புக்குப் போகிறதா, கழுத்துப் பட்டைக்கும் படத்தட்டிக்கும் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிற நாம், பிள்ளையின் மூன்று வருஷத்தை ஒடித்துப் பார்க்காமல் கொடுக்கலாமா?

சுசீந்திரம் இன்று நாகர்கோவிலின் புறநகராகிவிட்டது. காலையில் பஸ்ஸும் வேனும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. நாலு பேர் போகிறார்கள் என்று ஐந்தாவது ஆள் போகிறான். எதற்கென்று கேட்டால், "எல்லாரும் போகிறார்கள்" என்கிறான். எல்லாரும் செய்கிறார்கள் என்பது எந்தக் காரியத்துக்கும் காரணமாகாது. ஒரு காலத்தில் கைமுக்கு நியாயமான பரீட்சை என்று எல்லாரும்தான் நம்பினார்கள்.

ஆகவே நான் கேட்டுக்கொள்ளுவது ஒன்றுதான். பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன் அல்ல, அது நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, புருஷனும் பெண்ஜாதியுமாக இரண்டு பள்ளிக்கூடங்களுக்காவது நேரில் போய்ப் பாருங்கள். நோட்டுப் புஸ்தகத்தைப் புரட்டுங்கள். கக்கூஸ் கதவைத் திறந்து பாருங்கள். கடைசிப் பெஞ்சுப் பிள்ளையிடம் பேசுங்கள். குறை தெரிந்தால் ஓடாதீர்கள். குழுவில் போய் உட்கார்ந்து கேளுங்கள். கேட்கிற தகப்பனும் தாயும் இருக்கிற பள்ளிக்கூடம் தானாகக் கெட்டுப்போவதில்லை. நம் பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு, அது எந்தத் தெருப் பிள்ளையாயினும் சரி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கட்டும். அதனால் கெட்டுப்போகக்கூடியது ஏதாவது இருக்குமானால் அது ஜாதி ஒன்றுதான். அது கெட்டால் யாருக்கு நஷ்டம்?